குப்பை அள்ளக் கூப்பிடும் போஸ்டரே குப்பை ஆகலாமா?

(தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் பேசியது)



பெசன்ட் நகர் கடற்கரைத் தூய்மைப் பணிக்கு போஸ்டர் டிசைன் பண்ணப் போறோம். மூணே விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ஃபிளெக்ஸ் வேண்டாம். அது பி.வி.சி., அதாவது பிளாஸ்டிக். மக்காது. காத்துல கிழிஞ்சா மணலுக்கும் கடலுக்கும்தான் போகும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. பிளாஸ்டிக் பொறுக்க பிளாஸ்டிக்லயே அழைப்பு வெச்சா ஊர் சிரிக்கும். காடாத்துணியில பெயின்ட்ல எழுதுவோம். தேதியை மட்டும் தனித்தாளில் ஒட்டினா, அதே துணி அடுத்த மாசத்துக்கும் ஆகும்.

ரெண்டு, "கடலைக் காப்போம்"னு மட்டும் எழுதினா படிச்சிட்டுப் போயிடுவாங்க. "ஞாயிறு காலை 6 மணி. கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே. ஒரு பழைய சாக்கு கொண்டு வாங்க." இதுதான் பெரிய எழுத்துல இருக்கணும்.

மூணு, படம். தலைவர் படம் பெருசா இருந்தா, "இது கட்சிக்காரங்க வேலை"ன்னு பொதுமக்கள் ஒதுங்கிடுவாங்க. ஓரத்துல நம்ம கொடி போதும். நடுவுல பங்குனி ஆமையைப் போடுவோம். வருஷா வருஷம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் இதே மணலுக்கு முட்டையிட வர்ற உயிர் அது. மிதக்கிற பிளாஸ்டிக் பையை ஜெல்லிமீன்னு நினைச்சு ஆமைங்க தின்னுடும். அந்த ஒரு படம் நூறு கோஷத்துக்குச் சமம்.

கடைசியா ஒண்ணு. மரத்துல ஆணி அடிக்காதீங்க, கயிறு போட்டுக் கட்டுங்க. பணி முடிஞ்சதும் நாம கட்டின துணியை நாமே அவிழ்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.