ஒற்றைச் செருப்பு



எனக்குப் போட்ட பொன்னாடையை மடித்து வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. ஜரிகை குத்துவதால் போர்த்திக்கொள்ளவும் முடியவில்லை.

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் தினம். 1985-ல் ஐ.நா. பொதுச்சபை குறித்துக் கொடுத்த தேதி. நியூயார்க்கில் உட்கார்ந்து நாள் குறித்தவர்களுக்கு நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை மழை தெரிந்திருக்க நியாயமில்லை! 2023-ல் மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. 5-ஆம் தேதி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் வடியவில்லை. தன்னார்வலர் தினத்தன்று நம் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில், பால் பாக்கெட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அவர்களில் ஒரு தம்பியின் செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. வெள்ளம் வடிந்ததும் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வீட்டு கேட்டில் ஒற்றைச் செருப்பு சிக்கிக் கிடந்தது. பாட்டி அதைக் கழுவி, மாடியில் காயவைத்து, யாருடையது என்று பத்து நாள் விசாரித்தார். தம்பி வந்து, "ஒத்தச் செருப்ப வெச்சிக்கிட்டு என்ன பாட்டி பண்றது?" என்றான். "அளவுக்குத்தான்டா வெச்சிருந்தேன்" என்று புது ஜோடியை எடுத்து நீட்டினார். ஒன்பதாம் நம்பர்.

கதை அதோடு முடியவில்லை. போட்டுக்கொண்டு கிளம்பியவன் வாசலில் நின்று, "பக்கத்து வீட்டுத் தாத்தா எப்படி இருக்காரு?" என்று கேட்டான். தாத்தாவைத் தோளில் சுமந்துபோய் டிராக்டரில் ஏற்றியவன் அவன்தான். அப்புறம் என்ன ஆயிற்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "மக வீட்ல இருக்காருப்பா. காலையில நாலு இட்லி சாப்பிட்டாராம்" என்றார் பாட்டி. செருப்புக்குச் சிரிக்காதவன் அதற்குச் சிரித்தான்.

சுவீடனில் ரத்ததானம் செய்தவருக்கு, அந்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் செல்போனில் தகவல் வருகிறது. கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்ற தகவல். நம்ம பாட்டி சொன்ன இட்லிக் கணக்கும் அதே தகவல்தான்.

நாமோ, உதவி செய்தவர் பெயரைக்கூட மறந்துவிடுகிறோம். 1955-ல் நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைப் பாடத்தில் படித்தோம். அந்தப் பந்தலில் தண்ணீர் சுமந்த தொண்டர் ஒருவர் பெயரை இங்கே யாராவது சொல்ல முடியுமா? ஆகவே, தெருவாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: யார் வந்தார், யாரைத் தூக்கினார், அவர் இப்போது எப்படி இருக்கிறார். வெள்ளத்தில் உதவப் போன நாளுக்கு யாருக்காவது கம்பெனியில் சம்பளம் பிடித்திருந்தால், நம் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதி, இரண்டு பெரியவர்கள் நேரில் போய்க் கொடுத்து வாருங்கள்.

தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் கேடயத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்று சங்கச் செயலாளர் சைகை காட்டுகிறார். கொடுத்தது போகட்டும் ஐயா. மீதிப் பணத்தில் பிள்ளைகளுக்கு டெட்டனஸ் ஊசி போடுங்கள், கம்பூட்ஸ் வாங்குங்கள். அளவு கேட்டு வாங்குங்கள். ஒருத்தனுக்கு ஒன்பது என்று இப்போதே தெரியும்.