திரையில் தெரிவதெல்லாம் கணக்கல்ல

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துக்கு மேலே வேண்டாம்ப்பா, சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். சாதனைகளைச் சொல்ல மற்ற நண்பர்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1997-ம் ஆண்டு கணினி அறிவியல் பட்டத்தோடு இந்த வாசலைத் தாண்டிப் போனேன். சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2001-ல் கொங்குப் பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நகைக்கடன் கணக்குக்கான மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். ஊர்ப் பெயர், சங்கத்தின் பெயர் எல்லாம் வேண்டாம். தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

திரையில் ஒரு நீளமான அட்டவணை. வரிக்கு ஒரு கணக்கு: கடன் எண், பெயர், நகையின் எடை, தொகை, தவணைத் தேதி. தவணை கடந்திருந்தால் வரி முழுவதும் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சங்கத் தலைவர் பார்த்துவிட்டு, "இனிமே பேரேட்டைப் புரட்ட வேண்டாம், சிவப்பைப் பார்த்தாப் போதும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் அங்கிருந்த எழுத்தர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தவர். "தம்பி, ஒரு கணக்கு மேலேயிருந்து கீழே வந்தா சிவப்பா இருக்கு. கீழேயிருந்து மேலே போனா வெள்ளையா இருக்கு. எதை நம்பறது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், அப்படி நடக்க சான்ஸே இல்லை. சரியாப் பாருங்க." என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அழைப்பு. இந்த முறை அவர் குரலில் கோபம் இருந்தது. ஒரு விவசாயி பயிர்க்கடன் கேட்டு வந்திருக்கிறார். அவர் கணக்கு திரையில் சிவப்பு. "பழைய நகைக்கடனே பாக்கி நிக்குது, புதுசா எப்படித் தர்றது?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். அவர் மடியிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டியிருக்கிறார். வட்டியைக் கட்டி நகையை மறு அடகு வைத்ததற்கான ரசீது. "கம்ப்யூட்டர்ல இப்படித்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வெளியில் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார். சாயங்காலம் எழுத்தர் அம்மா பேரேட்டைப் பார்த்தால் ரசீதுதான் சரி.

அன்று இரவே பஸ் ஏறினேன்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். சங்கத்தில் ஏறத்தாழ நாலாயிரம் கணக்குகள். திரையில் ஒரே சமயத்தில் தெரிவது 30 வரிகள். கணினி நாலாயிரத்தையும் வரைந்து வைத்திருக்கும் என்று நினைக்கிறோம், அப்படியில்லை. கண்ணுக்குத் தெரிகிற முப்பதை மட்டுமே வரையும். நாம் ஒரு வரி கீழே உருட்டினால், ஏற்கெனவே வரைந்த 29 வரிகளின் படத்தை அப்படியே மேலே நகர்த்தி ஒட்டிவிட்டு, அடியில் புதிதாகத் தலைகாட்டும் ஒரே வரியை மட்டும் வரையும். இப்படிப் படத்தைக் கட்டம் கட்டமாக நகலெடுக்கும் முறைக்கு பிட்பிளிட் என்று பெயர். 1975-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில், ஆல்டோ கணினிக்காக டான் இங்கால்ஸ் என்பவர் உருவாக்கியது. வேகம் குறைந்த அந்தக் காலத்துக் கணினியில் திரை வழுக்கிக்கொண்டு ஓட இதுபோன்ற சிக்கனம்தான் காரணம்.

சிக்கனம் இருக்கும் இடத்தில்தான் கோளாறும் இருக்கும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை வரையும்போது நடுவில் ஒரு கணம் வெறுமை தெரிந்தால் திரை சிமிட்டும். மறைவான ஒரு இடத்தில் முழுவதையும் வரைந்துவிட்டு மொத்தமாகக் கொண்டுவந்து வைப்பது அதற்கு வைத்தியம். இன்னொன்று, விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்க 125 சதவீதம் என்று வைத்தால் 21 புள்ளி உயர வரி 26.25 புள்ளி ஆகிவிடும். கால் புள்ளியை யாரால் வரைய முடியும்? முழு எண்ணாக்குவதில் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் வித்தியாசம் வந்தால், உருட்ட உருட்ட மெல்லிய கோடுகள் அழியாமல் தங்கிவிடும். இவை கண்ணை உறுத்தும், ஆளை ஏமாற்றாது.

ஏமாற்றுவது வேறொன்று. நாங்கள் பயன்படுத்தியது ஜாவாவின் ஸ்விங். 1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2-லேயே அது சேர்ந்துவிட்டது. அதன் அட்டவணையில் ஆயிரம் கட்டங்கள் இருந்தாலும், எல்லாவற்றையும் வரைய ஒரே ஒரு உறுப்பு போதும். முதல் கட்டத்தை வரையும், எழுத்தை மாற்றும், நகரும், அடுத்ததை வரையும். ஜாவா ஆவணமே இதை ரப்பர் ஸ்டாம்ப் என்றுதான் வர்ணிக்கிறது.

நம் கல்லூரி அலுவலகத்தில் இருந்த தேதி முத்திரை ஞாபகம் இருக்கிறதா? ஒரே முத்திரை, எல்லா விண்ணப்பத்துக்கும். காலையில் சக்கரத்தைத் திருப்ப மறந்துவிட்டால் அன்றைக்கு வருகிற அத்தனை காகிதத்திலும் நேற்றைய தேதிதான் விழும். முத்திரை மேல் குற்றமில்லை; திருப்பாதவர் மேல்தான் குற்றம்.

நான் திருப்ப மறந்தவன். தவணை கடந்திருந்தால் சிவப்பாக்கு, நடப்புக் கணக்கானால் வெள்ளையாக்கு என்று எழுதியிருந்தேன். மறு அடகு என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்கு நிறம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே முத்திரையில் கடைசியாக எந்த நிறம் ஒட்டியிருந்ததோ அதுவே அந்த வரியிலும் விழுந்தது. கீழே உருட்டினால் மேல் வரியின் நிறம். மேலே உருட்டினால் கீழ் வரியின் நிறம். அந்த அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை! முதல் வருடம் ஏன் தெரியவில்லை? கடன் கெடு ஒரு வருடம். வருடம் முடிந்த பிறகுதானே மறு அடகே வரும்! என் கம்ப்யூட்டரில் இருந்த மாதிரிக் கணக்குகளிலும் மறு அடகு ஒன்றுகூடக் கிடையாது.

அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். "இப்பப் பாருங்க தம்பி" என்று உருட்டிக் காட்டினார். பத்து நிமிடத்தில் காரணம் புரிந்தது. திருத்தம் ஒரே வரிதான். அந்த இரண்டு வாரத்தில் எந்தெந்தக் கணக்கு நிறம் மாறியது என்று அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் மற்ற கணக்குகளையும் சரிபார்த்தோம்.

பெயருக்கு எதிரே "தவணை கடந்தது" என்று எழுத்திலும் வரும்படி ஒரு பத்தி சேர்த்தேன். நிறம் பொய் சொன்னாலும் எழுத்து காட்டிக்கொடுக்கும் அல்லவா? அதுமுதல் எந்தத் திரையிலும் நிறத்தை மட்டும் நம்பி ஒரு தகவலை நான் வைத்ததில்லை.

தலைவர் அந்த விவசாயியைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்து, பயிர்க்கடனும் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் வெளியில் வாங்கிய கடனுக்கு அவர் கட்டிய வட்டியை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே, இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் செல்போனில் விரலால் தள்ளும் பட்டியல்களும் இதே சிக்கனத்தில்தான் ஓடுகின்றன. 2014-ல் ஆண்ட்ராய்டில் வந்த கருவிக்குப் பெயரே ரீசைக்கிளர்வியூ. மேலே போய் மறைந்த வரியையே கீழே மறுபடி பயன்படுத்துவது. முத்திரையைத் திருப்ப மறந்தால் அங்கேயும் இதே கதைதான்.

ஆகவே நிரல் எழுதுகிறவர்கள், மூன்று வகை இருந்தால் மூன்றுக்கும் சொல்லுங்கள். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். மாதிரிக் கணக்கு நாலு வரியில் இருந்தால் போதாது; உருட்டிப் பார்க்கும் அளவுக்கு இருக்கட்டும். கவுண்டரில் உட்காருகிறவர்கள், திரையில் ஒன்றும் கையிலுள்ள ரசீதில் ஒன்றும் இருந்தால், எதிரே நிற்கிறவரை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பேரேட்டைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி படிக்காத ஒருவர் "தம்பி, இது சரியில்லை" என்று சொன்னால், சான்ஸே இல்லை என்று சொல்லாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நம்புகிறேன்.