காய வைத்த விதை கைவிடாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், விதை வங்கி நடத்தும் குழுவின் சார்பாகப் பேசியது)

 

போன மாதக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து, "உங்க விதை வங்கியில வாங்கின கத்தரி விதை முளைக்கவே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனோம். இன்றைக்குப் பதிலோடு வந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். போன பங்குனியில், நன்றாகப் பழுத்த நாட்டுக் கத்தரிக்காயில் விதை எடுத்தோம். அலசி, ரெண்டு நாள் வெயிலில் போட்டோம். கையில் ஈரம் ஒட்டவில்லை என்றதும், காய்ந்துவிட்டது என்று நினைத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினோம். எலி தொடக் கூடாதே என்று ஓட்டுக்குக் கீழே பரணில் வைத்தோம். சித்திரை, வைகாசி வெயில் முழுக்க அங்கேயேதான் கிடந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, அந்த ஆடியில் எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். நாற்றங்காலில் கால்வாசி கூட முளைக்கவில்லை. அந்தத் தங்கச்சி குழுக் கடன் வாங்கி உழவு ஓட்டி, எரு அடித்து வைத்திருந்தார். பட்டம் போய்விட்டது. கடன் தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது.

அதே நாள், அதே காயில் எடுத்த விதையில் ஒரு பிடியை எங்கள் குழுவில் இருக்கும் பெரியம்மா தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். முறத்தில் பரப்பித் திண்ணை நிழலில் ஒரு வாரம் உலர்த்தினார். பிறகு காலை வெயிலும் மாலை வெயிலும் காட்டினார். சலித்த அடுப்புச் சாம்பலோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, உள் அறையில் நெல் குதிருக்குள் புதைத்து வைத்தார். ஆடியில் அவர் பாத்தி பச்சைப் பசேலென்று வந்தது.

ஒரே காய், ஒரே ஊர், ஒரே கோடை. காய வைத்த விதமும், வைத்த இடமும்தான் வேறு.

விதைக்கு உயிர் உண்டு

விதை கல் மாதிரி கிடந்தாலும் அதற்குள் உயிர் இருக்கிறது. மெல்ல மெல்ல மூச்சு விடுகிறது. முளைக்கும்போது வேண்டும் என்று வைத்திருக்கும் உணவை, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் மூச்சு வேகமாகும், சேமிப்பு கரையும், முளைக்கருவும் சீக்கிரம் கெட்டுப்போகும். பூஞ்சணமும் வண்டும் வருவதற்கும் அந்த ஈரமும் சூடும்தான் வசதி. ஈரத்தையும் சூட்டையும் குறைத்தால் விதை ஆழ்ந்து தூங்கும். செலவு குறையும், ஆயுள் கூடும்.

எவ்வளவு கூடும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரண்டு மடங்காகும். இது தோராயமான கணக்கு. ஈரம் 14 சதவீதத்தில் இருந்து 5 சதவீதம் வரைக்கும்தான் பொருந்தும்.

12 சதவீத ஈரத்தில் ஒரு வருடம் தாங்கும் விதையை 10 சதவீதத்துக்குக் காய வைத்தால் நாலு வருடம் தாங்கும். அதையே 5 டிகிரி குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் எட்டு வருடம். வட்டிக்கு வட்டி குட்டி போடும் கணக்கு நமக்குத் தெரியாதா? இங்கே அது நம் பக்கம் வேலை செய்கிறது.

இந்த ரெண்டில் நம் கைக்கு எட்டுவது காய வைப்பதுதான். இஸ்ரேலில் மசாதா என்ற பழைய கோட்டையைத் தோண்டியபோது கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்று, ஏறக்குறைய 2000 வருடம் கழித்து, 2005-ல் விதைத்தபோது முளைத்தது. சுட்டெரிக்கும் பாலைவனம்தான் அது. ஆனாலும் காற்றில் ஈரமே கிடையாது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியிலும், நார்வே நாட்டில் 2008-ல் திறந்த ஸ்வால்பார்டு விதைக் கிடங்கிலும் மைனஸ் 18 டிகிரி குளிரில் விதைகளைக் காக்கிறார்கள். அங்கேயும் முதலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்த பிறகுதான் குளிரில் வைக்கிறார்கள்.

எங்கள் தவறு எங்கே?

அரசு விதைச் சான்றளிப்பு விதியைப் பார்த்ததும்தான் எங்களுக்குப் புரிந்தது. கத்தரி விதையைச் சாதாரணப் பையில் வைப்பதென்றால் ஈரம் 8 சதவீதம் வரை இருக்கலாம். காற்றுப் புகாமல் அடைப்பதென்றால் 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. நெல்லுக்குப் பையில் 13 சதவீதம், அடைத்து வைக்க 8 சதவீதம். அதாவது, இறுக்கி மூடுகிற விதை இன்னும் அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும். நாங்கள் அரைகுறையாகக் காய வைத்து இறுக்கிக் கட்டினோம். ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டோம். அதற்கு மேல் ஓட்டுச் சூடு வேறு.

செய்ய வேண்டியது என்ன?

1. நன்றாக முற்றின, நோய் இல்லாத காயில் விதை எடுங்கள். ஈர விதையை உடனே உச்சி வெயிலில் போடாதீர்கள். முளைக்கரு வெந்துவிடும். முதலில் நிழல், பிறகு இளவெயில். பகல் 12 மணியில் இருந்து 3 மணி வரை வெயிலில் விட வேண்டாம். சாயங்காலம் பனி இறங்குமுன் அள்ளிவிடுங்கள்.

2. காய்ந்ததா என்று பாருங்கள். பயறைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், பல் பதியக் கூடாது. மிளகாய், கத்தரி விதை வளைந்தால் போதாது, ஒடிய வேண்டும். நெல், பயறுக்கு உப்புச் சோதனையும் உண்டு. வறுத்து ஆற வைத்த உப்பையும் விதையையும் உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டாலும், அடைத்து வைக்க இன்னும் காய வேண்டும்.

3. வெயில் இல்லாத நாளில் அரிசி உதவும். அரிசியை வாணலியில் லேசாகச் சிவக்க வறுத்து, மூடி வைத்து முழுக்க ஆற விடுங்கள். பாட்டிலில் பாதி அரிசி, அதன் மேல் மெல்லிய துணியில் முடிந்த விதை, பிறகு இறுக மூடி. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரெண்டு வாரம் கழித்து விதையை வேறு உலர்ந்த பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

4. சின்னச் சின்ன பாட்டிலாக வையுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றது கெடாது. மண்பானையும் கோணியும் காற்றின் ஈரத்தை உள்ளே விடும், ஐப்பசி கார்த்திகை மழையில் விதை மறுபடி நமத்துவிடும். பெயர், எடுத்த மாதம், வருடம் எழுதி ஒட்டுங்கள்.

5. பரண், அடுப்பங்கரை, வெயில் படும் சுவர் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான உள் அறையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் நன்றாகக் காய்ந்த விதையை இறுக மூடிய பாட்டிலில் வைக்கலாம். ஈர விதையை மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் விதையில் நீர் வேர்க்காது.

எல்லா விதைக்கும் இது பொருந்தாது. பலாக்கொட்டை, மாங்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். வேப்பங்கொட்டையும் நாள் தாங்காது.

எண்ணிப் பார்த்துக் கொடுப்போம்

கொடுக்கும் முன் ஒரு சோதனை. 100 விதையை ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். பயறுக்கு 8 நாள், நெல், கத்தரி, மிளகாய்க்கு 14 நாள். நல்ல முளையை எண்ணுங்கள். சான்று விதைக்கு நெல்லில் 80, பயறில் 75, கத்தரியில் 70, மிளகாயில் 60 முளைக்க வேண்டும் என்பது விதி.

எங்கள் குழு தீர்மான நோட்டில் ரெண்டு தீர்மானம் எழுதியிருக்கிறோம். முளைப்பு எண்ணாத விதையை யாருக்கும் கொடுப்பதில்லை. போன ஆடியில் முளைக்காத விதைக்குத் திருப்பி விதை கேட்பதில்லை. பெரியம்மாவின் விதையில் நாற்று விட்டு, வரும் ஆடியில் அந்தத் தங்கச்சிக்கு நாற்றாகவே கொடுக்கப்போகிறோம். கேள்வி கேட்டதற்கு அவருக்கு நன்றி சொல்கிறோம். அவர் கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பங்குனியிலும் பரணில்தான் ஏற்றியிருப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி விதை கொண்டு வாருங்கள். உப்பும் பாட்டிலும் நாங்கள் கொண்டு வருகிறோம். சேர்ந்தே குலுக்கிப் பார்ப்போம்.