கட்டுரைப் போட்டியும் கல்வி உரிமையும்

(மும்பைவாழ் தமிழ்த் தோழர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சமூகப் பிரச்சினைகள் குறித்துக் கட்டுரைப் போட்டி நடத்தி, வெல்வோருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கலாம் என்ற யோசனை நம் கிளைகளில் எழுந்துள்ளது. வரவேற்கத்தக்க யோசனை. ஆயினும் இத்தகைய போட்டிகளைப் பெருநிறுவனங்களும் அறக்கட்டளைகளும்கூட நடத்துகின்றன. அவற்றிலிருந்து நாம் எங்கே வேறுபட வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

முதலில் பணத்தைப் பற்றி. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே உரியது. எட்டாம் வகுப்போடு அதன் பாதுகாப்பு முடிகிறது. வறுமை பிள்ளைகளை வேலைக்கு இழுக்கும் வயதும் அதுவே. அதன்பின் என்ன இருக்கிறது? ஒன்றிய அரசின் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. இவ்வளவு பெரிய நாட்டில் ஆண்டுதோறும் புதிதாக 1 லட்சம் பேருக்கே அது கிடைக்கும்; அதற்கும் தேர்வில் வெல்ல வேண்டும். உரிமையாக இருக்க வேண்டியது போட்டியாக்கப்பட்டுள்ளது. நாமும் ஒருவருக்குப் பணமுடிப்பு அளித்து, மற்றவர்களைக் கைதட்ட வைத்து அனுப்பினால், அந்த நியாயத்தையே வழிமொழிந்தவர்களாவோம். ஆகவே திரட்டும் தொகையில் பெரும்பகுதி, படிப்பு நின்றுபோகும் நிலையிலுள்ள மாணவர் அனைவரின் கட்டணத்திற்கும் பாடநூலுக்கும் செல்லட்டும். வென்றவருக்கு நல்ல நூல்கள் போதும்.

அடுத்து தலைப்பு. "தூய்மைக்கு நான் என்ன செய்வேன்?" என்று கேட்டால், குப்பைக்குத் தன் தாயின் கவனக்குறைவே காரணம் என்று எழுத மாணவி பழகிவிடுவாள். "நம் தெருவுக்குக் குப்பை வண்டி ஏன் வருவதில்லை?" என்று கேட்டால், அவள் விசாரிக்கத் தொடங்குவாள். கேள்வியிலேயே வர்க்கச் சார்பு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையும் உண்டு. வழக்குரை காதையும் உண்டு. மக்கள் பிரச்சினை பற்றி எழுதும் மாணவியிடம் நாம் எதிர்பார்ப்பது வழக்குரையே.

மூன்றாவது, மதிப்பீடு. பகத்சிங் மாணவராக இருந்தபோது, பஞ்சாபின் மொழி, எழுத்துப் பிரச்சினை குறித்து ஒரு போட்டிக்குக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். நாகரி எழுத்தையும் இந்தியையும் ஆதரித்த அவருடைய முடிவைத் தமிழர்களாகிய நாம் ஏற்க மாட்டோம். ஆனால் மொழிச் சிக்கலுக்கு மதப் பூசல் எவ்வாறு காரணமானது என்று வரலாற்றுக்குள் சென்று தேடிய இளம் அறிவை மறுக்க முடியுமா? நம் துண்டறிக்கை வாசகங்களை நமக்கே திருப்பித் தரும் கட்டுரைக்கு முதலிடம் கொடுத்தால், முழக்கங்களை மனப்பாடம் செய்பவர்களைத்தான் உருவாக்குவோம். முடிவு நமக்கு உவப்பானதா என்பதைவிட, எழுதியவர் கண்ணால் கண்டாரா, காரணத்தைத் தேடினாரா என்பதே அளவுகோலாக வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் இந்த மராட்டிய மண்ணிலேயே உண்டு. புனேயில் சாவித்திரிபாய், ஜோதிராவ் புலே இணையரின் பள்ளியில் பயின்ற மாங்கு சாதிச் சிறுமி முக்தாபாய், தன் 14ஆம் வயதில் மாங்கு, மகர் மக்களின் துயரங்களை எழுதினாள். 1855இல் 'ஞானோதய' இதழ் அதை வெளியிட்டது. வேதம் பிராமணர்க்கே உரியதென்றால் எங்கள் மதம் எது என்று அவள் கேட்டாள். கூரையின்றிப் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களின் வேதனையையும் எழுதினாள். கல்வி கிடைத்த சில ஆண்டுகளில் எழுந்த குரல் அது.

அத்தகைய குரல் தாராவியின் குறுகிய சந்துகளிலும் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளிலும் இன்றும் இருக்கும். அது எழுத்தாக நம் கைக்கு வரும்போது, பரிசளிப்பு விழாவோடு நம் கடமை முடிந்துவிடாது. கட்டுரைகளை அந்தந்தப் பகுதி மக்கள் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். அவற்றில் உள்ள உண்மைகளைச் சரிபார்த்து, மனுவாக்கி, வார்டு அலுவலகத்தின் முன் மக்களைத் திரட்ட வேண்டும். தான் எழுதியதால் தெருவுக்குக் குழாய் வந்தது என்று ஒரு மாணவி அறிந்தால், அவளுக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை.