கூரைமேல் ஓர் ஆகாயக் கம்பி

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் சிலர், வானொலியைக் கேட்பதோடு அமையாது, தாமே அதன்வழிப் பேசவும் விழைகின்றனர். மத்திய அரசின் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்றோர்க்கு அது கைகூடும். பிறகு வேண்டுவது ஏரியல் என்னும் ஆகாயக் கம்பி.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் நெருங்கிய தெருக்களில் உயர்ந்த கம்பத்துக்கு இடமேது என நாம் மலைக்க வேண்டுவதில்லை. 143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 20 மீட்டர். நடுவே வெட்டி, இரு பாதிகளையும் கேபிளுடன் இணைக்கிறோம். முதலில் சற்று நீளமாகவே விட்டுச் சோதித்துக் குறைத்தல் நலம்.

தென்னையின் உயரத்தில் கட்டினால் அலை நெடுந்தொலைவு செல்லும். கூரையளவில் கட்டினாலோ, பெரும்பகுதி மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு, சில நூறு கிலோமீட்டருக்குள் வந்து சேரும். பகலில் திருநெல்வேலி, மதுரை நண்பரோடு உரையாட இதுவே ஏற்றது. ஆகவே தாழ்வு இங்கே குறையன்று.

மின்சாரக் கம்பியருகே கட்டலாகாது. ஐப்பசி இடிமழைக்கு முன்னரே கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அங்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் முதலிய அமெச்சூர் வானொலியாளர், போர்ட் பிளேரிலிருந்து தீவினரின் நலச்செய்திகளை உறவினர்க்கு எட்டச் செய்தனர். ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அச்செய்தியின் அருமை சொல்லாமலே விளங்கும்.