எதெஸ்ஸா நகரத்துச் சாட்சி



ஆதித் திருச்சபையில் சத்திய போதனையே முதலில் எங்கும் விளங்கிற்று என்றும், அதனின்று வழுவிய பதிதர்கள் பிற்பாடு தோன்றிக் கலகம் விளைத்தனர் என்றும், நான்காம் நூற்றாண்டில் எவுசேபியு எழுதிவைத்த சரித்திரத்தைக் கிறிஸ்தவ உலகம் நெடுங்காலம் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்று வந்தது. ஜெர்மானியப் பேராசிரியர் வால்ட்டர் பவுவர் 1934-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டு, பல தேசங்களில் முந்தியது பிற்காலத்தார் பதிதம் என்று தள்ளிய போதனையே என்றும், மற்றது ரோமாபுரிச் சபையின் செல்வாக்கினால் பின்னர் ஓங்கியது என்றும் வாதித்தார்.

அவர் நிறுத்திய சாட்சிகளுள் என் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது எதெஸ்ஸா நகரம். தோமையாரின் திருப்பண்டங்களைப் பேணிய ஊராதலால், மயிலாப்பூரை அறிந்த நமக்கு அது முற்றிலும் அந்நியமன்று. அந்நகரத்து அரசன் அப்கார் இயேசுவுக்கே கடிதம் விடுத்து மறுமொழியும் பெற்றான் என்கிறார் எவுசேபியு; அவை பிற்காலப் புனைவு என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிபு. ஆனால், அதே நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த புனித எப்ரேம், தம் சபையாரை மாற்றார் பலூத் என்னும் மேற்றிராணியாரின் பெயரால் ‘பலூத்தியர்’ என்று அழைத்ததை எண்ணி நொந்து எழுதியிருக்கிறார். பதிதன் என்று பின்னர் தள்ளப்பட்ட மார்சியோனின் சீடர்கள் கிறிஸ்தவர் என்னும் பொதுப்பெயரை முன்னரே கைக்கொண்டிருந்தமையால்தான், பிந்தி வந்தோருக்குத் தனிப்பெயர் சூட்ட நேர்ந்தது என்பது பவுவரின் அனுமானம். புகழ்பாடும் கிரந்தங்களைவிட இந்த மனவருத்தம் எனக்கு உறுதியான சாட்சியாகத் தோன்றுகிறது.

எகிப்து விஷயத்திலோ அவர் மௌனத்தையே பிரமாணமாகக் கொண்டுவிட்டார். ரோமாபுரியோடு ஒத்துப்போன சபை அங்கே இருந்ததற்கு இரண்டாம் நூற்றாண்டுச் செய்தி கிட்டாமையால், அது இல்லவேயில்லை என்று துணிந்தார். பதிதர்களைக் கண்டித்து லியோன் நகர மேற்றிராணியார் இரனேயு சுமார் 180-இல் எழுதிய நூலின் துண்டு ஒன்று, சில பத்தாண்டுகளுக்குள் பிரதி செய்யப்பட்டதாகவே கருதப்படுவது, எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் அகப்பட்டிருக்கிறது. கொலின் ராபர்ட்ஸ் போன்ற அறிஞர்கள் இத்தகைய பப்பைரஸ் ஏடுகளைக் கொண்டு பவுவரை மறுத்தது நியாயமே.

அதே எகிப்தில், 1945-இல் நாக் ஹமாதியில் ஜாடியொன்றில், பதிதர்களுள் ஒரு சாராரான ஞானமார்க்கத்தாரின் நூல்கள் பலவற்றைக் கொண்ட 13 சுவடிகள் வெளிப்பட்டன. அதுவரை அவர்களை நாம் பெரும்பாலும் அவர்தம் பகைவரின் வாய்மொழியால்தான் அறிந்திருந்தோம். அச்சுவடிகளில் யோவானின் பெயரால் வழங்கும் இரகசிய நூலை இரனேயுவின் நூலோடு ஒப்பிட்டால், அதன் கோட்பாட்டை அவர் ஏறக்குறையச் சரியாகவே எடுத்துரைத்திருப்பது தெரிகிறது. அதில் ததும்பும் இறைத்தாகத்தை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே, பவுவரின் விடை பலவிடங்களில் தளர்ந்துபோயினும், ஒவ்வோர் ஊரின் வரலாற்றையும் அவ்வவ்வூர்ச் சான்றுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் விடுத்த அழைப்பு தளரவில்லை. இத்துறையில் புகும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: இரனேயுவின் ஐந்து பாகங்களையும் நாக் ஹமாதிச் சுவடிகளையும் அருகருகே வைத்துக் கற்றுவிட்டு, அதன் பின்னர் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.