வயிற்று க்ஷயமும் விரைவுப் பரிசோதனையும்

(பாரூரில் நம் சங்கத்தார் கூட்டிய குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களில் கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று வயிற்றைப் பற்றிப் பேச யாம் எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வயிற்றில் தங்கும் ஒரு நோயினாலும், அதனினும் அதிகமாக அந்நோயை மறைத்து வைக்கும் வழக்கத்தினாலும் நம் குடும்பங்கள் அடையும் நஷ்டம் சிறிதன்று. அந்நோய் வயிற்று க்ஷயம். இக்காலத்தார் வயிற்றுக் காசநோய் என்பர்.

க்ஷயம் என்றவுடன் இருமலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1882-ஆம் வருஷம் மார்ச்சு 24-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் பெர்லினில் எடுத்துக் காட்டிய அக்கிருமி, நுரையீரலில் மட்டும் வாழ்வதன்று. விழுங்கிய சளியின் வழியாகவும், காய்ச்சாத பாலின் வழியாகவும், இரத்த ஓட்டத்தின் வழியாகவும் அது வயிற்றை அடையும். சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் பெரும்பாலும் தங்கும். குடலைப் போர்த்த சவ்வில் தங்கி நீர் கோக்கச் செய்வதும் உண்டு. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, விட்டு விட்டு வரும் வலி, பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருதல் ஆகியவை இதன் குறிகள். இவை பிற வியாதிகளுக்கும் உரியனவாதலின் இந்நோய் நெடுநாள் ஒளிந்திருக்கிறது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் நம்மவர் இளைஞர் ஒருவரின் செய்தியைக் கூறுவோம். எட்டு மாத காலம் வாயுவென்று மாத்திரை தின்றார். வீட்டார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டனர். பிறகு ஒரு வைத்தியர் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து விரைவுப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'கிருமி இல்லை' என்று விடை வந்தது. தங்கையின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயமாதலின், வீட்டார் மகிழ்ந்து அத்தோடு நின்றுவிட்டனர். மூன்றாம் மாதம் குடல் அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தது. வெட்டியெடுத்த குடலில் க்ஷயம் தெளிவாய்த் தெரிந்தது. தெய்வாதீனமாய் அவர் பிழைத்தார்.

அப்பரிசோதனை பொய்யோ என்று கேட்பீர்கள். பொய்யன்று, அதன் இயல்பை நாம் அறியாமையே குற்றம். ஒரு கேழ்வரகு மணியை விதைத்துக் கதிராக்கி, அக்கதிரின் மணிகளை மீண்டும் விதைத்தால் சில போகங்களில் களஞ்சியம் நிறைவதுபோல, கிருமியின் மரபணுத் துணுக்கை இயந்திரத்துக்குள்ளேயே பல கோடியாய்ப் பெருக்கிக் கண்டறிவது இம்முறை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு ஆறு வாரம் வரை செல்லும். இதற்கு இரண்டு மணி நேரமே போதும். ரிபாம்பிசின் என்னும் தலையாய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் உடனே சொல்லும். எக்ஸ்பெர்ட் எனப்படும் இக்கருவியை உலக சுகாதார ஸ்தாபனம் 2010 டிசம்பரில் அங்கீகரித்தது. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதனைச் சிபிநாட் என்பர். நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரில் உருவான ட்ரூநாட் என்னும் சிறு கருவி, மின்சாரம் நின்றாலும் பாட்டரியால் இயங்கும். அதற்கும் 2020-ல் அவ்வங்கீகாரம் கிடைத்தது.

சளியில் கிருமி மிகுதி. ஆதலின் அங்கே இம்முறை நன்கு பலிக்கிறது. குடலிலோ கிருமி மிகச் சொற்பம்; அதுவும் இங்கொன்று அங்கொன்றாய் இருக்கும். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குடல் க்ஷயமுள்ள 37 பேரில் 3 பேருக்கே எக்ஸ்பெர்ட் 'உண்டு' என்றது. ஆனால் அந்நோய் இல்லாத ஒருவரையும் அது 'உண்டு' என்று சொல்லவில்லை. இதன் பொருளை நன்கு மனத்திற் கொள்ளுங்கள்: 'உண்டு' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் அதுவே முடிவன்று. நம் பாரூர்ப் பெரிய ஏரியில் ஒரு முறை வலை வீசி மீன் அகப்படாவிட்டால், ஏரியில் மீனே இல்லையென்று எவரேனும் கூறுவரோ?

ஆதலின் 'இல்லை' என்று வந்தபின்னும் காய்ச்சலும் மெலிவும் நீங்காவிடில் வைத்தியரிடம் திரும்பச் செல்க. துணுக்கைப் பூதக்கண்ணாடியில் ஆராய்தல், கிருமியை வளர்த்துப் பார்த்தல், வயிற்று நீரைச் சோதித்தல், ஸ்கான் எடுத்தல் ஆகிய யாவற்றையும் சேர்த்தே அவர் தீர்மானிப்பார். குரோன் நோய் என்னும் வேறொரு குடல் வியாதியும் இதைப் போலவே தோன்றும். அதற்குரிய சில மருந்துகள் க்ஷயத்தை வளர்த்துவிடுமாதலின் இந்த எச்சரிக்கை மிக அவசியம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து க்ஷயத்தைக் கூறுவதாகச் சொன்ன பரிசோதனைகளை இந்திய அரசாங்கத்தார் 2012-லேயே தடுத்துவிட்டனர். அவற்றுக்குப் பணம் கொடாதீர்கள்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் பயமில்லை. மருந்துக்கு அடங்கும் கிருமியாயின் பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசாங்கத்தார் அதனை இலவசமாய்த் தருகின்றனர். போஷாக்குக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயாய் அளித்து வந்த உதவியை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தியுள்ளனர். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், க்ஷயரோகிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாமென்று உலகுக்கே காட்டிற்று. அவ்வாறிருக்க, நம் வீட்டு நோயாளிக்கு நாமே தனித் தட்டு வைப்பது என்ன நியாயம்?

தாய்மார்களே! இந்நோய் பெண்களின் கருக்குழாயைப் பற்றினால் பிள்ளைப்பேறு தடைப்படுவதும் உண்டு. மருமகளை மலடியென்று தூற்றுமுன் அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். க்ஷயம் வம்சத்தில் வரும் சாபமன்று; கிருமியால் வருவது, மருந்தால் போவது.

எனவே இக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமென்று கோருகிறோம். குணமடைந்தவர் வீட்டிலும் மருந்துண்பவர் வீட்டிலும் பெண் கொடுப்பதையும் கொள்வதையும் நோயைக் காரணங்காட்டி நம்மவர் எவரும் மறுக்கலாகாது. மறைக்க வேண்டிய அவசியம் நீங்கினால், நம் பிள்ளைகள் எட்டு மாதம் காத்திராமல் எட்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குச் செல்வார்கள். விரைவான கருவி வந்துவிட்டது. அதனிடம் விரைந்து செல்வது நம் பொறுப்பு.